சோறு முனகிய வீடு

அந்த மாடியில் வலப்பக்கத்து வீட்டில், கெட்டுப்போகத் தொடங்கிய உணவு, அதைச் சாப்பிட்டால் யாருக்கு ஆகாதோ அவருடைய குரலில் முனகும். பெரிய சத்தமில்லை. காய்ச்சல்காரர் புரண்டு படுக்கும்போது தொண்டையிலிருந்து வருமே, அந்த அளவுதான். சொல் எதுவும் இருக்காது, முனகல் மட்டும். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "தூங்கற நேரத்துலயும் முனகுமா?" என்பது. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினால் கேட்காது, பாத்திரத்தை மூடினாலே பாதி அடங்கிவிடும் என்று சொன்னார்கள். அவர் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட அந்தத் தெரு இதைப் பற்றிப் பேசவில்லை.

இது ஆரம்பித்தது, அந்த வீட்டு லிஃப்ட் மெக்கானிக் தன் அக்காவின் சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்தில். அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். மெக்கானிக்கின் மனைவியைத் தெருவில் எல்லோரும் பாட்டில்காரி என்பார்கள். குடியால் வந்த பெயரல்ல. கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலையில் அவளுக்கு வேலை. ஓடும் பட்டையில் வரிசையாக வரும் பாட்டில்களை விளக்கொளியில் பார்த்து, விரிசல் கண்டவற்றைத் தட்டிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கைச்சாடையிலேயே எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாள் முழுக்கச் சும்மா கிடந்த தொண்டை, மாலையில் மட்டும் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

சிறுநீரக விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. புதிதாக எது வந்தாலும் அதற்குச் சந்தேகம். அக்காவுடையதுதான், ரத்த சொந்தம்தான் என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்காது. வந்த சிறுநீரகத்தைத் திருடன் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடும். அதனால் அந்தக் காவலர்களை அரைத் தூக்கத்திலேயே வைத்திருக்க மாத்திரை உண்டு. மாத்திரையை வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும். காவலாளி தூங்கினால் விருந்தாளிக்கு நல்லது. திருடனுக்கும் நல்லது. மற்றவர்கள் வயிற்றில் ஒரு நாள் கடமுடா பண்ணிவிட்டுப் போகிற கிருமி, மெக்கானிக்கைப் படுக்கையில் தள்ளிச் சிறுநீரகத்தையும் கையோடு கொண்டுபோய்விடும், ஆளையே கொண்டுபோனாலும் போகும். ஆஸ்பத்திரி நர்ஸ் இதைச் சுருக்கமாகச் சொல்லியனுப்பினார்: "மருந்து பாதிதான்மா. மீதி உங்க அடுப்படியிலதான் இருக்கு." பாட்டில்காரி தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த மீதிப் பாதி அவள் தலையில் ஏறி உட்கார்ந்தது.

முதலில் முனகியது சோறு. காலையில் வடித்து, அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டு ஆலைக்குப் போனவள் மாலையில் திரும்பியபோது, கணவனின் முனகல் கேட்டு அறைக்கு ஓடினாள். அவர் வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குத் திரும்பினால் மறுபடி முனகல். "ஏங்க முனகுறீங்க?" என்று மறுபடி ஓட்டம். கடைசியில் பானை மூடியைத் தூக்கியதும் சத்தம் முகத்துக்கு நேரே வந்தது.

"நான் ஒண்ணும் முனகலையே," என்றார் எழுந்து வந்த மெக்கானிக்.

"நீங்க இல்லைங்க. சோறு."

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்தவர் சிறுநீரகத்தைச் சுமக்கிறவருக்குச் சோறு தன் குரலில் பேசுவதெல்லாம் பெரிய ஆச்சரியமில்லை.

அரிசியோடு மண்ணிலிருந்து ஒரு கிருமி கூடவே வருகிறது. கொதிக்கிற தண்ணீரில் அது சாவதில்லை, விதையைப் போல ஓட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறது. சோறு ஆறி வெதுவெதுப்பாகி, கை வைத்தால் சுகமாக இருக்கிற பதம் வந்ததும் அது ஓட்டைத் திறந்துகொண்டு வந்து பெருகத் தொடங்கும். நமக்கு எந்தச் சூடு இதமோ அதேதான் அதற்கும் இதம். பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்கும். சோற்றை மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், கக்கிய நஞ்சு சாகாது. பாட்டில்காரிக்கு இந்த விவரமெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆறிப்போன கோழிச் சாறு முனகினால் தளதளவென்று கொதிக்க வைத்ததும் பெரும்பாலும் அமைதியாகிவிடுவதையும், சோறு மட்டும் ஆவி பறக்கும்போதும் மெல்லிய குரலில் முனகிக்கொண்டே இருப்பதையும் அவள் காதால் கற்றுக்கொண்டாள்.

இப்படிக் கற்றுக்கொண்டது நிறைய. ஃபிரிட்ஜ் கதவில் மாட்டி வைத்த பால் இரண்டு நாளில் முனகியது. அதே பாலை உள்ளே தள்ளி, குளிர் அதிகமுள்ள பின்பக்கம் வைத்தால் பேச்சில்லை. திறந்து மூடுகிற போதெல்லாம் கதவுப் பக்கம்தான் முதலில் சூடேறுகிறது என்று புரிந்தது. பச்சைக் கோழியை மேல்தட்டில் வைத்தால் கீழ்த்தட்டுத் தக்காளி முனகியது. ஒரு சொட்டு வடிந்திருந்தது. கோழியைக் கீழே இறக்கினாள். ஈரத்தோடு சுருட்டி வைத்த கரித்துணி முனகியதில்தான் அவளுக்குச் சலிப்பு வந்தது. துணியைக்கூடக் காய வைக்காமல் நிம்மதியாக உட்கார முடியாது என்றால் என்ன செய்வது? காய வைத்தாள். ஒரு கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாயின் காது எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று அவள் காது.

சிறுநீரகம் கொடுத்த நாத்தனாருக்குக் காதில் குறையில்லை. கேட்டுக்கொண்டே தன் வழியில் போகிறவள். கோழியைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கழுவுவாள். தண்ணீர் கோழிமேல் விழுந்து, சுற்றி ஒரு கை தூரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தெறிக்கும். அங்கே சாப்பாட்டுக்கு நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் இருக்கும். அது சமைக்கப்போவதில்லை, அப்படியே தட்டுக்குப் போவது. நறுக்கிய துண்டுகளெல்லாம் ஒன்றாகத் தம்பியின் குரலில் முனக ஆரம்பிக்கும்.

"சும்மா கெடடா," என்பாள் நாத்தனார் வெள்ளரிக்காயைப் பார்த்து. "கழுவிட்டுத்தான் வருவேன்."

"அண்ணி, கழுவாதீங்க. வேகும்போது எல்லாம் செத்துடும். கழுவினாத்தான் ஊரெல்லாம் பரவுது."

"கோழியக் கழுவாம எவளாவது அடுப்புல ஏத்துவாளா? இத்தனை வருஷமா கழுவுறேன், எவன் செத்தான்?"

"அப்ப அவரு வயித்துல உங்க கிட்னி இல்லையே."

"ஆமா, என்னோடதுதான். அதுக்கு எப்படிச் சோறு போடணும்னு நீ எனக்குச் சொல்லித்தர்றியா?"

பாட்டில்காரி வெள்ளரிக்காயைக் குப்பையில் கொட்டிவிட்டு, தொட்டியையும் மேடையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வேறு பலகையில் வேறு வெள்ளரிக்காய் நறுக்குவாள். நாத்தனார் ஒரு முறை கழுவினால் அவள் மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. சண்டை போடுவதைவிட இது சுலபம் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. களைத்தவர்கள் எப்போதும் சுலபமானதையே செய்வார்கள், அது அதிக வேலையாக இருந்தாலும்.

மெக்கானிக் தேறினார். ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது. அவர் மறுபடி லிஃப்ட்களின் கூரைமேல் ஏறி நின்று கம்பிகளுக்கு மசகு போடத் தொடங்கினார். அவருக்கு ஒரு தடவைகூட வயிறு கெடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை மற்ற நோயாளிகளுக்குக் காட்டி, "இவரைப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்காரு," என்பார். அவர் கூச்சத்தோடு சிரிப்பார். அந்த இரண்டு வருடங்களில் அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் தன் கையால் திறந்ததில்லை. திறக்கத் தேவை வரவில்லை, எல்லாம் தட்டில் வந்தது.

தட்டில் வந்ததெல்லாம் அன்றன்றைக்குச் சமைத்தது. மீந்ததை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பாட்டில்காரிக்குச் சோற்றைக் கொட்ட மனசு வராது. ஆரம்பத்தில் கொட்டினாள், ஒவ்வொரு முறையும் யாரோ பார்ப்பது போல இருந்தது. பிறகு ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை. முனகுவது அவர் குரல். அப்படியென்றால் ஆகாதது அவருக்குத்தானே, தனக்கு இல்லையே? பயந்துகொண்டே ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. அவள் கணக்கு சரிதான், அந்த வீட்டு முனகல் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அதன்பின் கணவன் குரலில் முனகுவதெல்லாம் அவள் சாப்பாடு என்று ஆகிவிட்டது. நேற்றையதும் முந்தாநாளையதும், நின்றுகொண்டே, பாத்திரத்திலிருந்தே, ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில். அவர் முனகலைக் கேட்டுக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டாள். சில வீடுகளில் ரேடியோ ஓடுவதில்லையா, அந்த மாதிரி.

ஆற வைப்பதிலும் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. சோறோ கறியோ சீக்கிரம் ஆற வேண்டுமென்றால் அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மெல்லிசாக இருந்தால் சூடு எல்லாப் பக்கமும் வெளியேறிவிடும், ஃபிரிட்ஜில் வைத்ததும் நடுவரை குளிர்ந்துவிடும். கணவனின் அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பதை அவள் அப்படித்தான் செய்தாள், அகலத் தட்டு இரண்டே இருந்தன. தனக்கு எடுத்து வைப்பதை ஒரு உயரமான பிஸ்கட் டப்பாவில் அடைத்து, மூடியை அழுத்தி, கீழ்த்தட்டில் தள்ளிவிடுவாள். ஆழமான டப்பாவில் அடைத்த சோறு, வெளியே ஜில்லென்று இருந்தாலும் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கம்பளி போர்த்தின மாதிரி சோற்றைச் சோறே போர்த்திக்கொள்ளும். டப்பாவில் போடுவதற்கு முன்னும் அது அடுப்படியில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதை அவள் பார்ப்பதில்லை. அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவாள், திறக்கும்போது பொழுது போயிருக்கும்.

வெயில் காலத்தில், நாத்தனார் தன் மகள் பிரசவத்துக்காக வேறு ஊர் போயிருந்த மாதத்தில், பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது ஒரு பெண் குரல் முனகியது. கணவன் குரல் அடியில் இருந்தது, அது வழக்கமானது. அதன்மேல் இந்தப் பெண் குரல், கட்டையாக, இழுத்து இழுத்து, பாதியில் நின்றுபோய் மறுபடி தொடங்குவதாக. பாட்டில்காரி உற்றுக் கேட்டாள். நாத்தனார் குரல் இல்லை, அது கணீரென்று இருக்கும். யார் என்று பிடிபடவில்லை. யாருக்கோ ஆகாத சோறு தன் வீட்டில் இருக்கிறது, அந்த யாரோ தெரியாமல் வந்து சாப்பிட்டுவிட்டால் பழி வந்து சேரும். டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"உங்களுக்கு உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று தையல்காரம்மாவைக் கேட்டாள்.

"இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. நீ கேட்ட கேள்வியில இப்ப வயித்தப் பிசையுது. ஏன்?"

"எங்க வீட்டுச் சோறு எதுவும் சாப்பிட்டுறாதீங்க."

"நீ எப்பக் குடுத்த, நான் எப்பச் சாப்பிட?"

"இல்லக்கா, ஒரு பொம்பளை குரல் கேக்குது. வந்து யாருன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலையா கெடக்குது, பாரு. நாளைக்கு வர்றேன். ஓடியா போகப்போவுது உன் சோறு?"

பாட்டில்காரி மாடியேறினாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. முன்பு அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவளாக இருக்கும் என்று முடிவு செய்தாள். அவள் இனி வரப்போவதில்லை, ஆகவே ஆபத்தும் இல்லை. பாதிச் சோற்றைச் சட்டியில் கொட்டிச் சூடாக்கினாள், மீதியை டப்பாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினாள். குரல் தணிந்தது, நிற்கவில்லை. எவ்வளவு அலுத்துப்போன பொம்பளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே, அடுப்புக்கு முன்னால் நின்று சாப்பிட்டு முடித்தாள்.

ஆலையில் தேநீர் இடைவேளைக்கு முன்பே அவளுக்குக் குமட்டியது. பட்டையை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை முழுசாக உயரவில்லை. பாதி உயர்த்திய கைக்கு அங்கே "எல்லாம் சரி" என்று பொருள். எதிரில் நின்றவளும் பதிலுக்குப் பாதிக் கை உயர்த்தினாள். கொஞ்ச நேரம் விரிசல் பாட்டில்களெல்லாம் நல்ல பாட்டில்களோடு போயின. வாந்தியெடுத்து வாந்தியெடுத்து உடம்பில் தண்ணீரே இல்லாமல் அவள் சரிந்து விழுந்த பிறகுதான் பட்டை நின்றது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கையில் ஊசி குத்திச் சொட்டு சொட்டாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு வருடமாக நல்ல சாப்பாடு இல்லாத உடம்பு, அதனால்தான் இவ்வளவு அடித்துப்போட்டிருக்கிறது, சில நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். அதே டாக்டர் மெக்கானிக்கைத் தள்ளிக் கூட்டிப்போய், "ஆஸ்பத்திரியில ரொம்ப நேரம் இருக்காதீங்க, உங்களுக்கு ஆகாது. வீட்ல சாப்பாட்டுக்கு யாரு?" என்று கேட்டார். அவரைக் காப்பாற்றி வைத்திருந்த அந்தப் பாதி மருந்து இப்போது சொட்டு ஏற்றிக்கொண்டு படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து, மாத்திரைக்கு முன் ஏதாவது சாப்பிட்டாக வேண்டுமே என்று ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் அவருக்கான அகலத் தட்டு சுத்தமாக, அமைதியாக இருந்தது. கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா, ஒரு கிண்ணம், மூடி தொலைந்துபோன தூக்கு, காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து பார்த்தார். எல்லாம் முனகின. தன் குரலை அவர் கவனிக்கவேயில்லை, ஏதோ ஒரு ஆண் குரல் என்று விட்டுவிட்டார். அதன்மேல் கேட்டது அவர் மனைவியின் குரல். ஒன்று நீளமாக, ஒன்று விட்டு விட்டு. அவர் ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்தே இருந்தது, குளிரெல்லாம் வெளியே போயிற்று. மறுநாள் பஸ் பிடித்து அக்கா வந்து சேர்ந்ததும் அவளைக் கொண்டுபோய் நிறுத்திக் கேட்க வைத்தார்.

"இது அவ குரல்டா," என்றாள் அக்கா.

"தெரியுது."

"இத்தனை நாளா இதையா தின்னுக்கிட்டு இருந்தா?"

அக்கா கீழ்த்தட்டிலிருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டினாள். டப்பாவை வெந்நீரில் தேய்த்துக் கவிழ்த்தாள். தம்பிக்குச் சமைக்கக் கோழியை எடுத்தவள், பழக்கத்தில் குழாயைத் திறந்தாள். மேடையிலிருந்து வெள்ளரிக்காய் முனகியது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத அடுப்படியில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. குழாயை மூடினாள். கோழி கழுவாமல் சட்டிக்குப் போனது. சகிக்காத முகத்தோடு கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள்.

பாட்டில்காரி நம்பவில்லை. "என் குரல் அப்படி இருக்காதுங்க," என்றாள் படுக்கையிலிருந்து. மெக்கானிக் ஃபோனில் பதிந்து கொண்டுவந்திருந்த முனகலைப் போட்டுக் காட்டினார்.

"இவதான். நம்ம வீட்ல முன்னாடி குடியிருந்தவ."

"நீதான்டி அது," என்றாள் நாத்தனார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்த அம்மாள் திரும்பாமலேயே, "தூக்கத்துல நீ இப்படித்தாம்மா முனகுற. என்னால கண்ண மூட முடியல," என்றார்.

இதில் பாட்டில்காரியின் தவறு எதுவும் இல்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு அதற்குக் கொஞ்சம் கனம் சேர்த்துக் கொடுக்கிறது. அந்தக் கனமான குரலையே நம் குரல் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரார் கேட்பது வேறு. ஆகவே அந்த வீட்டு முனகலில் இருந்த ஒரே குறை இது: யாருக்கு எச்சரிக்கையோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது புரியும்.

அவள் ஃபோனை வாங்கி மறுபடி கேட்டாள். பிறகு, "நான் இவ்வளவு களைச்சுப்போயா இருக்கேன்?" என்று கேட்டாள். மெக்கானிக் சொட்டுத் தண்ணீர் இறங்கும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே.

வீடு திரும்பிய பிறகு களைப்பு ஒன்றும் போய்விடவில்லை. ஆலை அங்கேயேதான் இருந்தது, பாட்டில்கள் வந்துகொண்டேயிருந்தன. அகலத் தட்டுகள் நான்கு ஆயின. சோறு வடிப்பது மெக்கானிக்கின் வேலை ஆயிற்று, குறைவாக வடிக்கக் கற்றுக்கொள்ளவே அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன, அவர் கைக்கு எப்போதும் ஒரு கூட்டத்துக்கே வரும். நாத்தனார் கழுவாத கோழியைப் பற்றி இன்றுவரை புலம்புகிறாள். உணவும் முனகுவதை நிறுத்தவில்லை. யாருக்காவது அடையாளம் தெரியாத குரல் கேட்டால், இது யார் என்று மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கேட்பது என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது.

போன வாரம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அடுப்படியிலிருந்து மெக்கானிக்கின் முனகலும் அதன்மேல் இன்னொரு முனகலும் வந்தன. மதியம் மூட மறந்த பருப்பு.

"இது யாருடா புதுசா, தகரத்துல கீறுற மாதிரி?" என்றாள் நாத்தனார்.

"நீதான்க்கா," என்றார் மெக்கானிக்.

"என்னோடது இவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"இதைவிட மோசமா இருக்கும் அண்ணி. பருப்பு உங்க மேல மரியாதை வச்சிருக்கு," என்றாள் பாட்டில்காரி.

நாத்தனார் அவளை முறைத்துப் பார்த்துவிட்டுப் பருப்பைக் கொட்ட எழுந்து போனாள். பாட்டில்காரி எழுந்திருக்கவில்லை. தட்டில் சோறு சூடாக இருந்தது. சாப்பிட்டாள்.